கரையான் ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டலாமா?

பெங்களூருவில் கோடை மழை ஒன்றிரண்டு பெய்ததும் பொம்மனஹள்ளித் தெருக்களில் இரண்டு விஷயங்கள் தவறாமல் தென்படும். மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல். மறுநாள் காலையில் கேட்டில் செருகிய துண்டறிக்கை. 'கரையான் தொல்லையா? 10 வருட கேரண்டி' என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். வாசற்காலின் அடியில் மண் கோடு ஒன்றைப் பார்த்துவிட்டுக் கவலையில் இருக்கும் வீட்டுக்காரர் உடனே போனை எடுப்பார். ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து, சதுர அடிக்கு இவ்வளவு, அதன்பின் ஆண்டுக்கு இவ்வளவு என்று சொல்லிக் கையெழுத்துக்குத் தாளை நீட்டுவார். போடலாமா, வேண்டாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள் இறங்கும் மருந்துக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. ஆண்டுதோறும் ஆள் வந்து, தட்டிப் பார்த்து, கண்டதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அந்தப் பணமும் வீண் போகாது. வெறும் உத்தரவாதத் தாளுக்குக் கொடுக்கும் பணம் மட்டும் முழு நஷ்டம். இந்த மூன்றையும் ஒரே தொகைக்குள் கட்டி விற்கிறார்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. நிறுவனங்களின் லாபமும் நம்முடைய ஏமாற்றமும் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

பொம்மனஹள்ளிக்கு இந்தக் கேள்வி கூடுதலாகப் பொருந்துவதற்கு அங்கே வீடுகள் எழுந்த விதமே காரணம். ஓசூர் சாலையை ஒட்டி ஆயத்த ஆடை ஆலைகள் வந்தன. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் தையல் மெஷினிலும் கட்டட வேலையிலும் சேர்த்த காசில் 20க்கு 30, 30க்கு 40 என்று மனை வாங்கின. தனி நகரசபையாக இருந்த பொம்மனஹள்ளி, யலஹங்கா, மகாதேவபுரா, கிருஷ்ணராஜபுரம் முதலிய மற்ற ஆறு நகரசபைகளோடு சேர்ந்து 2007இல்தான் பெங்களூரு மாநகராட்சிக்குள் வந்தது. அதற்குள், வீட்டுமனையாக மாற்றப்படாத வருவாய் நிலத்தில் தெருத்தெருவாக வீடுகள் எழுந்துவிட்டன. இன்றும் முறைப்படுத்தாத சொத்துக்குரிய பி-கத்தாவோடு காத்திருக்கும் வீடுகள் ஏராளம்.

மனை போடும் முன் அந்த நிலம் தோப்பாகவோ வயலாகவோ இருந்தது. மரத்தை வெட்டினார்கள், வேரை எடுக்கவில்லை. அஸ்திவாரத்தின்போது குழிக்குள் விழுந்த சென்டரிங் பலகைத் துண்டுகளை அப்படியே மண்ணால் மூடினார்கள். இவை எல்லாமே கரையானுக்குத் தீனி. அந்தத் தீனி தீர்ந்தபின் அது மேலே ஏறிவரும். முதலில் எட்டுவது வாசற்கால்.

மேஸ்திரி விட்டுப்போன வேலை

கரையான் தடுப்புக்கென்றே இந்தியத் தர நிர்ணயம் ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 6313. அதன் இரண்டாம் பகுதி கட்டும்போதே செய்ய வேண்டியதையும், மூன்றாம் பகுதி கட்டி முடிந்த வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்கிறது. கட்டும்போது அஸ்திவாரக் குழியின் அடியிலும் பக்கங்களிலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், அஸ்திவாரச் சுவரைத் தொடும் மண்ணில் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 7.5 லிட்டர், தரை போடும் முன் நிரப்பிய மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்று மருந்துக் கலவையை விட வேண்டும். வீட்டின் அடியில் இடைவெளியே இல்லாமல் மருந்தேறிய மண் ஒரு தட்டுபோல் படிந்திருக்க வேண்டும் என்பதுதான் கருத்து. ஓரிடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மருந்து படாத மண் இருந்தாலும் கரையான் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

அரசுக் கட்டடங்களிலும் பெரிய அடுக்ககங்களிலும் இந்த வேலை ஒப்பந்தப் பட்டியலிலேயே இருக்கும். மேஸ்திரியை நம்பி, மகளின் நகையை அடகு வைத்துக் கட்டிய வீட்டில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகும். மேஸ்திரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்கவும் சரிபார்க்கவும் யாரும் இல்லை. வரைபட அனுமதியே இல்லாமல் எழுந்த வீட்டுக்கு எந்தப் பொறியாளர் வந்து பார்ப்பார்? ஆக, இன்றைக்கு ஆண்டுதோறும் நம்மிடம் வாங்கும் ஒப்பந்தத் தொகை, அஸ்திவாரத்தில் ஒரு நாள் வேலையில் முடிந்திருக்க வேண்டியதற்கு நாம் காலமெல்லாம் கட்டும் தவணை. கட்டிய பின் செய்யும் மருந்து, கட்டும்போது செய்வதற்கு ஈடாகாது. தரையைத் துளைத்து, கண்ணுக்குத் தெரியாத மண்ணுக்குள் ஊகத்தில் மருந்தை இறக்குகிறோம். கையெழுத்துப் போடும்முன் இதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, வீட்டில் இருப்பது கரையான்தானா என்று பார்ப்பது. உலகில் ஏறத்தாழ 3,000 கரையான் இனங்கள் உண்டு. மனிதரின் வீட்டுக்குக் கேடு செய்பவை மிகச் சில. நம் வீட்டுச் சுவரில் மண் கோடு இழுப்பவை மண்ணுக்கடியில் குடியிருப்பவை. சுவரில் உள்ள மண் பாதையை இரண்டு அங்குல நீளத்துக்கு உடைத்து விடுங்கள். சில நாளில் ஈர மண்ணால் அடைத்திருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. உடைத்த இடம் அப்படியே காய்ந்து கிடந்தால், அது கைவிட்ட பழைய பாதையாக இருக்கலாம். பக்கத்தில் புதிய பாதை உண்டா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் வாசற்காலை அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே போனால் சத்தம் எங்கே பொக்கென்று மாறுகிறதோ அந்த உயரம் வரை மரம் உள்ளே காலி.

மண் பாதையே இல்லை, கட்டிலின் அடியில் தூள் மட்டும் கொட்டுகிறது என்றால் கதை வேறு. அந்தத் தூளைக் கறுப்புக் காகிதத்தில் ஏந்திப் பாருங்கள். ஒரே அளவில், ஆறு பட்டையோடு கரகரப்பான துகள்கள் என்றால் அது மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான். மிக நுண்ணிய பொடி, மரத்தில் குண்டூசித் துளைகள் என்றால் அது வண்டு, மரம் உளுத்துப்போகிறது. இந்த இரண்டுக்கும் மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லை. தரையில் நூறு ஓட்டை போட்டு மருந்து இறக்கினாலும் கட்டிலின் தூள் நிற்காது. பாதிக்கப்பட்ட மரத்துக்கு மட்டும் வைத்தியம் செய்ய வேண்டும், அல்லது அந்தக் கட்டிலை வெளியேற்ற வேண்டும். இதைச் சொல்லாமல் வீடு முழுவதற்கும் சதுர அடிக் கணக்கில் விலை சொல்பவரை அத்தோடு அனுப்பிவிடலாம்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய அறிவியல் கழகத்தில் உயிரியலாளர் ரெனீ போர்ஜஸ், கட்டுமானப் பொறியியல் துறையின் தேஜஸ் மூர்த்தி ஆகியோரின் குழு, நம் செம்மண்ணில் புற்றெழுப்பும் ஒடோன்டோடெர்மிஸ் ஒபீசஸ் என்ற கரையானின் கட்டுமானத்தை ஆராய்ந்திருக்கிறது. ஈர மண்ணைச் சிறு உருண்டைகளாக்கி ஒன்றோடொன்று ஒட்டித்தான் அந்தப் பூச்சி புற்றைக் கட்டுகிறது. மண்ணைப் பிடித்துவைப்பதில் ஈரத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அந்த ஆய்வுகளில் தெரியவந்தது. வீட்டிலும் அதே கதைதான். குளியலறைக் குழாய் ஒழுகி, பக்கத்து அறைச் சுவரின் அடி எப்போதும் நமுத்திருக்கிற வீட்டில் எந்த மருந்தும் முழுப் பலன் தராது. முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

லிட்டர் கணக்கு

இனி, மண்ணடிக் கரையான்தான், நடமாட்டமும் இருக்கிறது என்று உறுதியான வீட்டுக்கு வருவோம். ஐ.எஸ். 6313இன் மூன்றாம் பகுதி சொல்லும் முறை இது: தரையும் சுவரும் சேரும் விளிம்பில் 300 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் அடிக்கு, ஒரு துளை. துளையின் அகலம் 12 மில்லிமீட்டர். மண் ஏற்கும் வரை மருந்துக் கலவையைச் செலுத்த வேண்டும். ஒரு துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர். பிறகு துளைகளை அடைக்க வேண்டும்.

20க்கு 30 மனையில் கட்டிய தரைத்தள வீட்டில் அறைகளின் சுவரோரங்களைக் கூட்டினால் 150 அடி வரும் என்று வைத்துக்கொள்வோம். 150 துளைகள். உச்ச அளவில் 150 லிட்டர் கலவை. குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்தை 1 சதவீதக் கலவையாக்க, 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும்; 150 லிட்டருக்கு ஏழரை லிட்டர் மருந்து. இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத மருந்து என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி; மொத்தம் 315 மில்லி.

இப்போது நடப்பதைப் பாருங்கள். இரண்டு பையன்கள் வருவார்கள். ஒருவர் கையில் டிரில். இன்னொருவர் முதுகில் 16 லிட்டர் தெளிப்பான். காலையில் வந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிடுவார்கள். ஒரு தடவை நிரப்பிய தெளிப்பானில் 150 துளைக்கும் விட்டிருந்தால் துளைக்கு 100 மில்லி சொச்சம். மண் அவ்வளவுதான் குடித்தது என்று சொல்வார்கள். இறுகிய மண்ணில் அது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லா வீட்டிலும், எல்லா அறையிலும், எல்லாத் துளையிலும் மண் ஒரே அளவுதான் குடித்தது என்பதை நம்ப முடியாது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி இதைக் கண்டுபிடித்தார்.

"ஏம்ப்பா, ஓட்டை இத்தனை போட்டே, மருந்து ஒரு தடவைதானே கலக்கினே?"

"அது ஸ்ட்ராங் மருந்தும்மா. கொஞ்சம் விட்டாலே போதும்."

போதாது. மருந்து எவ்வளவு காரமாக இருந்தாலும், துளைக்கும் துளைக்கும் நடுவில் உள்ள மண் நனைந்தால்தான் இரண்டும் சேர்ந்து தடுப்பாகும். அதற்குத் தண்ணீரின் அளவு வேண்டும். பாட்டியின் கேள்வியைத்தான் ஒவ்வொரு வீட்டுக்காரரும் கேட்க வேண்டும். மருந்துப் புட்டியின் முத்திரையை உங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள். லேபிளையும் காலாவதி தேதியையும் போட்டோ எடுங்கள். கலப்பதை உங்கள் வீட்டு வாளியிலேயே கலக்கச் சொல்லுங்கள், எத்தனை வாளி என்று எண்ணுங்கள், பிறகு அந்த வாளியை வீட்டு வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். எந்த மருந்து, எத்தனை மில்லி, மொத்தம் எத்தனை லிட்டர் கலவை என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் நிறுவனத்தின் 10 வருட கேரண்டிக்கு என்ன மதிப்பு என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

இன்னொரு குறையும் பொம்மனஹள்ளி மாதிரியான இடங்களில் உண்டு. தர நிர்ணயம் வீட்டைச் சுற்றி வெளிப்புற மண்ணிலும் மருந்து விடச் சொல்கிறது. 20க்கு 30 மனையில் வீட்டைச் சுற்றி மண் எங்கே இருக்கிறது? நம் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் முதுகோடு முதுகாக நிற்கின்றன. முன்பக்கம் சாக்கடை வரை சிமென்ட். உள்ளே மட்டும் மருந்து விட்ட வீட்டுக்குப் பக்கத்துச் சுவர் வழியே கரையான் வரும். முழு வேலைக்கான விலையைச் சொல்லிவிட்டு, செய்ய முடிகிற பாதியை மட்டும் செய்கிறார்கள். நாலைந்து வீட்டுக்காரர்கள் பேசி, ஒரே வாரத்தில், ஒரே நிறுவனத்திடம், ஒரே விலையில் சேர்ந்து செய்வதுதான் இந்தத் தெருக்களுக்கு ஏற்ற வழி. விலையும் குறையும், சுவருக்குச் சுவர் இடைவெளியும் குறையும்.

மருந்து விடும்போது நான் மிகவும் அஞ்சுவது சம்ப்பைப் பற்றி. காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைக்க பெங்களூரு வீடுகளில் தரைக்கடியில் தொட்டி இருக்கும். சிறிய வீடுகளில் அது பெரும்பாலும் வாசலுக்குள்ளேயே, படிக்கட்டின் அடியிலேயே இருக்கும். குடிநீர்க் கிணறு, ஊற்று எதிலும் மருந்து கலந்துவிடக் கூடாது என்று தர நிர்ணயமே எச்சரிக்கிறது. விரிசல் விட்ட சம்ப்பின் சுவரோரம் துளை போட்டு மருந்தைச் செலுத்தினால் அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சம்ப் எங்கே இருக்கிறது என்று கேட்காமலேயே டிரில்லை எடுப்பவரை வேலை செய்ய விடாதீர்கள். தொட்டியை ஒட்டிய பகுதியை அடியோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

இந்த மருந்துகளின் வரலாறு நிம்மதி தருவதாக இல்லை. ஒருகாலத்தில் அஸ்திவாரங்களில் தாராளமாக ஊற்றிய ஆல்ட்ரின், ஹெப்டாகுளோர், குளோர்டேன் ஆகியவற்றை இந்தியா 1996இல் தடை செய்தது. பிறகு வந்த லிண்டேனின் உற்பத்தியை 2011இலும் பயன்பாட்டை 2013இலும் நிறுத்தியது. குளோர்பைரிபாஸை வீடுகளில் பயன்படுத்துவதை அமெரிக்கா 2000ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக விலக்கியது. 2025இல் நீடித்த நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சில விலக்குகளோடு சேர்த்தன. கைக்குழந்தை தவழும் வீட்டில், பாதுகாப்பு என்ற பெயரில் தேவையில்லாமல் ஆண்டுதோறும் மருந்தடிக்கச் சொல்வது தவறு. கையுறையோ முகக்கவசமோ இல்லாமல் அந்தக் கலவையை நாள்தோறும் சுமக்கும் பையன்களைப் பற்றியும் நாம் கவலைப்பட வேண்டும். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இன் கீழ் இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் பயிற்சி பெற்ற தொழில்நுட்ப ஆள் நிறுவனத்தில் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், ரசீதில் எழுதச் சொல்லுங்கள். துண்டறிக்கையில் செல்போன் எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்கள் பலர் இங்கேயே கழன்றுகொள்வார்கள்.

தாளில் இருப்பதும் இல்லாததும்

ஒப்பந்தத் தாளின் முன்பக்கம் 10 வருடம் என்ற எழுத்து பெரிதாக இருக்கும். பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். நான் படித்துப் பார்த்த தாள்களில் பொதுவாக இருந்தவை இவை: கரையான் திரும்ப வந்தால் மறுபடி மருந்து விடுவோம், மரச் சாமான், கதவு, துணி, காகிதம் எதன் சேதத்துக்கும் பொறுப்பில்லை. புகார் சொன்னால் மட்டும் வருவோம். தரையை உடைத்தாலோ, குளியலறையை மாற்றினாலோ, நீர்க்கசிவு இருந்தாலோ உத்தரவாதம் ரத்து. புதுக் குழாய் இழுக்கவும் டைல்ஸ் மாற்றவும் தரையை உடைக்காத வீடு பெங்களூருவில் 10 ஆண்டுக்கு எங்கே இருக்கிறது?

ஆக, வாங்குவது காப்பீடு அல்ல. மறுபடி மருந்தடிப்பார்கள் என்ற வாக்குறுதி மட்டுமே. வீட்டுக் காப்பீட்டிலும் இதற்கு இடமில்லை. 2021இல் வந்த பாரத் கிரிஹ ரக்ஷா என்ற பொதுப் பாலிசி தீ, மின்னல், புயல், நிலநடுக்கம் என்று எவற்றுக்கு இழப்பீடு என்பதைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் கரையான் இல்லை.

10 ஆண்டு என்ற எண்ணையும் சற்றுச் சோதிப்போம். அமெரிக்காவில் மண்ணில் விடும் கரையான் மருந்துக்கு அனுமதி வேண்டுமென்றால், சோதனைக் களத்தில் குறைந்தது 5 ஆண்டு தாங்குவதைக் காட்ட வேண்டும். அதுவும் நல்ல சோதனைக் களத்தில், சரியான அளவில் விட்ட மருந்து. குளோர்பைரிபாஸ் காரத்தன்மையுள்ள மண்ணில் விரைவாகச் சிதையும். சிமென்ட் படிந்த மண் அப்படிப்பட்டது. ஆகவே பத்தாண்டு உத்தரவாதத்தின் பின்பாதி, அந்த நிறுவனம் அப்போது இருக்கும், போனை எடுக்கும், ஆள் அனுப்பும் என்ற நம்பிக்கையில் மட்டுமே நிற்கிறது. பத்தாண்டுக்கும் மொத்தமாகப் பணம் வாங்கிவிட்ட நிறுவனம் எதற்காக வர வேண்டும்?

சேதத்தைச் சீர்செய்தும் தருவோம் என்று உறுதி சொல்லும் ஒப்பந்தங்கள் அமெரிக்காவில் சாதாரணம். அங்கும் பாதுகாப்பு தானாக வந்துவிடவில்லை. அலபாமா மாநிலத்தின் மொபைல், பால்ட்வின் பகுதிகளில் வீடுகளை ஃபார்மோசா கரையான் தின்றது. டெர்மினிக்ஸ் என்ற பெரிய நிறுவனம் ஒப்பந்தப்படி செய்ய வேண்டிய பணியைச் செய்யவில்லை என்று அம்மாநில அரசு குற்றம் சாட்டியது. 2020 நவம்பரில் 6 கோடி டாலருக்கு அந்த விவகாரம் சமரசத்தில் முடிந்தது. கேட்க ஓர் அரசும் தொடர ஒரு வழக்கும் இருந்ததால் அந்த வாடிக்கையாளர்களுக்கு ஏதோ கிடைத்தது.

நமக்கும் வழி இல்லாமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் ஆணையத்தின் முன் நிற்கும்போது கையில் இருக்க வேண்டியது லிட்டர் எழுதிய ரசீதும் ஆய்வுக் குறிப்பும் போட்டோவும். அவை இல்லாதவருக்கு 10 வருடத் தாள் துணைக்கு வராது.

என்னைக் கேட்டால், முதல் மருந்துக்கு ஒரு முறை, எண்ணிப் பார்த்துக் கொடுங்கள். அதற்குப் பின் ஆண்டு ஒப்பந்தம் வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஆண்டு, ஆய்வு முடிந்து குறிப்பு கைக்கு வந்தபின் கொடுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழை ஓய்ந்தபின் ஒரு தடவை என்று மாதத்தைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். முன்கூட்டியே மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அந்தத் தள்ளுபடிக்கு மயங்க வேண்டாம்.

அதற்கும் முன்னால், காப்பாற்ற வேண்டிய மரம் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பொம்மனஹள்ளியின் பழைய வீடுகள் பலவற்றில் அலமாரி கடப்பைக் கல், சன்னல் இரும்பு, பீரோ இரும்பு. மரம் என்றால் வாசற்காலும் ஒன்றிரண்டு கதவும்தான். 3,000 ரூபாய் ஆண்டுத் தொகை என்று வைத்தால்கூட 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஐந்தாண்டில் 17,700 ரூபாய். அரிபட்ட நிலையை எடுத்துவிட்டு இரும்பு நிலையோ கல் நிலையோ வைக்க ஆகும் செலவை ஆசாரியிடம் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இத்தகைய வீட்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. சமையலறை முழுக்கப் பார்ட்டிகிள் போர்டில் செய்து, சுவர் முழுக்க வார்ட்ரோப் அடித்த தரைத்தள வீடு வேறு. அங்கே ஆண்டு ஆய்வு தன் காசை மீட்டுத் தரும்.

அடுக்கக வீட்டின் நான்காம் மாடியில் இருப்பவர் தனியாக ஒப்பந்தம் போடுவதில் அர்த்தமில்லை. கரையான் கீழிருந்து குழாய்த் தண்டு வழியாகவும் மின்கம்பிக் குழாய் வழியாகவும் ஏறுகிறது. மருந்து விட வேண்டிய இடம் அடித்தளம், செலவு செய்ய வேண்டியது சங்கம். ஒப்படைத்து ஐந்தாண்டு ஆகாத, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரேரா) பதிவான அடுக்ககம் என்றால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. அதற்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் சுட்டிக்காட்டும் கட்டுமான, வேலைத்தரக் குறையைக் கட்டுநர் தன் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. கட்டும்போது செய்த கரையான் தடுப்புக்கான சான்றை அவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் மண் கோட்டைப் பார்த்த அன்றே போட்டோவோடு வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் தெரிவியுங்கள். ஒப்பந்தச் செலவு உங்களுடையது அல்ல. சொல்லாமல் விட்ட சேதத்தின் பழி உங்கள் மேல் வரக் கூடாது.

மரத்தைவிட எனக்குப் பெரிய கவலை காகிதம். 2011இல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் ஸ்டேட் வங்கிக் கிளையிலேயே 1 கோடி ரூபாய் நோட்டுகளைக் கரையான் தின்றது. 2023இல் அதே மாநிலத்தின் மொராதாபாத்தில், மகளின் கல்யாணத்துக்காக ஒரு தாய் வங்கி லாக்கரில் வைத்திருந்த 18 லட்சம் தூளானது. வங்கிக் கட்டடத்திலேயே இப்படி என்றால், சுவரோரம் வைத்த மரப் பெட்டிக்கு என்ன பாதுகாப்பு? பதிவு செய்த கிரயப் பத்திரம் அரிபட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். ஆனால் வருவாய் நிலத்து மனைகள் பல, நோட்டரி முத்திரையிட்ட பவர் பத்திரத்தின் பேரிலும் ஒப்பந்தத்தின் பேரிலும் கைமாறியவை. அவற்றுக்கு எந்த அலுவலகத்திலும் மறுநகல் இல்லை. இருபது வருட உழைப்புக்குச் சாட்சியாக அந்த ஒரே தாள்தான் இருக்கிறது. அதை இன்றே ஸ்கேன் செய்யுங்கள். மூலத்தைச் சுவரைத் தொடாமல், தரையைத் தொடாமல், இரும்புப் பெட்டியில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். இதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை.

மாநகராட்சிக்கும் ஒரு கோரிக்கை. வரைபட அனுமதி கொடுக்கும்போது மழைநீர்ச் சேகரிப்பைக் கேட்பதுபோல், அஸ்திவாரத்தில் கரையான் தடுப்புச் செய்ததற்கான சான்றையும் கேட்க வேண்டும். அனுமதியின் கீழ் வராத வீடுகளுக்கு வார்டு பொறியாளர்கள் மேஸ்திரிகளைக் கூட்டி அரை நாள் சொல்லிக் கொடுத்தால் போதும். அது நடக்கும்வரை வீடு கட்டுகிறவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பொம்மனஹள்ளியை ஒட்டிய பேகூர், ஹொங்கசந்திரா பக்கம் இந்த வாரமும் யாரோ அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பார்கள். 20க்கு 30 மனை முழுவதும் தரை போடுவதாகவே வைத்தாலும் 56 சதுர மீட்டர். நிரப்பிய மண்ணின் மேல் விடவேண்டியது 280 லிட்டர் கலவை. இமிடாகுளோப்ரிட் என்றால் அதற்குத் தேவை 600 மில்லிக்கும் குறைவு. குழிக்கும் அஸ்திவாரச் சுவருக்கும் தனி. மழை பெய்யும்போதோ மண் நனைந்து கிடக்கும்போதோ விடக் கூடாது. விட்டபின் அந்த மண்ணைக் கிளறக் கூடாது. சம்ப்புக்குக் குழி எடுத்த இடத்தை முன்பே குறித்துக் காட்டிவிட்டு, மறுநாள் கான்கிரீட் போடும்படி மேஸ்திரியிடம் நாள் பேசிக்கொண்டு, மருந்து கலக்கும்போது வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று வாளியை எண்ண வேண்டும்.